மிக்ஸரா, இட்லியா?

சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் வாசலில் ஒரு பொட்டலம் மிக்ஸர் வாங்குகிறீர்கள். ஓமப்பொடி ஓமப்பொடியாகவே இருக்கிறது, கடலை கடலையாகவே. (முந்திரி மட்டும் எப்படியோ பக்கத்து சீட்டுக்காரர் கைக்குப் போய்விடும்.) காலையில் சாப்பிட்ட இட்லி அப்படியில்லை. அந்த மெத்தென்ற சமாசாரம் அரிசியிலும் கிடையாது, உளுந்திலும் கிடையாது. இரண்டும் சேர்ந்து ஒரு ராத்திரி பொங்கினால்தான் வரும். இந்தியப் பேட்டண்ட் சட்டம், 1970, பிரிவு 3(இ) ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: சும்மா கலந்து, அதனதன் குணம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தால் அது கண்டுபிடிப்பு அல்ல.

பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு? அம்பத்தூரில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா மகனால் வந்தது. இரண்டு பிளாஸ்டிக்குகளின் கலவைக்கு ஒரு பெரிய கம்பெனி பேட்டண்ட் கேட்டிருந்தது.

"டேய், இதையேதான் நான் வருஷக்கணக்கா ஓட்டிட்டிருக்கேன். அவனுக்குக் கொடுத்துட்டா நான் மெஷினை மூடிட்டுப் போகணுமா?"

கவலை நியாயம்தான். விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 வருஷத்துக்கு உரிமை. கொடுப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். கொடுத்தபின் ஒரு வருஷத்துக்குள், சம்பந்தப்பட்டவர் மட்டும்.

"பில் இருக்காண்ணா?" என்றேன். 'புதுசா?' என்பது பாதி கெமிஸ்ட்ரி, பாதி தேதி. விண்ணப்பத்துக்கு முன்பே அது எங்காவது அச்சாகியிருக்க வேண்டும், அல்லது ஊரறியப் புழங்கியிருக்க வேண்டும். பில் இருந்தது. 'பிளாஸ்டிக் மூடி - 2,000'. எந்தப் பிளாஸ்டிக், எத்தனை பங்கு? மூச்.

சரி, அடுத்த கேள்வி: 'இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே?' இங்கேதான் வழுக்கும். விடையைப் படித்தபின் எல்லாமே சுலபம். ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு கேப்டனைத் திட்டுகிற மாதிரி.

1956-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஆலன் ஹே என்பவர் பி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தார். 200 டிகிரியைத் தாண்டித்தான் இளகும். சூடு தாங்கும், ஆனால் மோல்டிங் செய்பவரை அழவைக்கும். அதோடு மலிவான பாலிஸ்டைரீனைக் கலந்தார்கள். வேலை சுலபமாயிற்று. 'இதென்ன பெரிய வித்தை' என்கிறீர்களா? பெரும்பாலான பிளாஸ்டிக் ஜோடிகள் மாமியார் மருமகள் மாதிரி: ஒரே வீட்டில் உருக்கி ஊற்றினாலும் உள்ளுக்குள் தனித்தனி. சேருமிடத்தில் விரிசல் விடும். இந்த இரண்டோ எந்த விகிதத்தில் போட்டாலும் ஒன்றாகவே கரைந்துவிட்டன. இளகும் சூடும் இரண்டுக்கும் நடுவில், ஒன்றே ஒன்று. யாரும் எதிர்பார்க்காதது. 1968-ல் எரிக் சிஸெக் பெயரில் பேட்டண்ட் கிடைத்தது. நோரில் என்ற பெயரில் இன்றும் விற்கிறது.

ஆக, கேட்க வேண்டியது, முந்தின நாள் அந்தத் தொழில் தெரிந்த சராசரி ஆள் என்ன எதிர்பார்த்திருப்பான் என்பதுதான். இந்த ஆள் ஒரு கற்பனைப் பிறவி. அச்சான அத்தனையும் படித்திருப்பான், சொந்தமாக ஒன்றும் தோன்றாது. (என் பழைய ஆபீஸில் மூன்று பேர் இருந்தார்கள்.) 2007-ல் கே.எஸ்.ஆர். வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அவனுக்கும் கொஞ்சம் மூளை உண்டு என்று ஒப்புக்கொண்டது. இருப்பதே நாலைந்து வழி, பலனும் ஊகிக்கக்கூடியது என்றால், அதில் ஒன்றை முயன்று பார்ப்பது கண்டுபிடிப்பாகிவிடாது.

பேலன்ஸ் ஷீட் பார்க்கிற பழக்கத்தில் நான் கம்பெனியின் விண்ணப்பத்தில் நேரே அட்டவணைக்குப் போனேன். அடி தாங்கும் சக்தி ஒன்றுக்கு 10, இன்னொன்றுக்கு 20, பாதிப்பாதி கலந்தால் 15 என்றால் மிக்ஸர். 40 என்றால் இட்லி. அவர்கள் எண்கள் இட்லிப் பக்கம்தான் சாய்ந்தன. ஆனால் எதோடு ஒப்பிட்டிருந்தார்கள்? தனித்தனிப் பிளாஸ்டிக்கோடு. அதே ஜோடி, விகிதம் மட்டும் கொஞ்சம் வேறாக, பழைய புத்தகங்களிலேயே இருக்கிறது. அதோடு ஒப்பிடவில்லை. அதோடல்லவா ஒப்பிட்டிருக்க வேண்டும்?

அண்ணா அந்தப் பழைய விகிதத்தில் ஓட்டி, லேபுக்கு அனுப்பியிருக்கிறார். கம்பெனியின் எண்ணுக்குக் கிட்டே வந்தால் ஆட்சேபணை போடலாம். ரொம்பக் கீழே நின்றுவிட்டால், அவர்கள் நிஜமாகவே எதையோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அண்ணா வேறு சரக்கு தேட வேண்டியதுதான். லேப் ரசீதில் இந்தத் தடவை விகிதத்தையும் எழுதி வாங்கியிருக்கிறார்.