ஜெலட்டின் 2 டேபிள்ஸ்பூன் என்று எழுதியது நான்தான்

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, 40 நிமிடத்தில் ஒரு ரெசிப்பி எழுதி முடித்தேன். சாக்லேட் பூசிய மார்ஷ்மெல்லோ பிஸ்கட். அடியில் பிஸ்கட், நடுவில் பஞ்சு மாதிரி மார்ஷ்மெல்லோ, மேலே மெல்லிய சாக்லேட் ஓடு. சாக்கோ பை சாப்பிட்டவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, நன்றாக ஓடும் என்றார்கள். ஓடியது.

நான் அதைச் செய்து பார்க்கவில்லை. இரண்டு வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, கப் கணக்கை கிராம் கணக்காக மாற்றி எழுதினேன். அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து கும்பகோணத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. 67 வயது அம்மா ஒருவர், மகனிடம் சொல்லி டைப் செய்யவைத்திருந்தார். பேரன் கேட்டானே என்று நான் எழுதியபடியே செய்திருக்கிறார். நன்றாக வந்திருக்கிறது. அவரும் இரண்டு சாப்பிட்டிருக்கிறார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த மருமகள்தான் ஜெலட்டின் எதிலிருந்து எடுப்பது என்று சொல்லியிருக்கிறார். 'நான் பிறந்ததிலிருந்து சைவம். ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதாம்மா?' என்று முடித்திருந்தார். கீழே போன் நம்பர்.

திட்டியிருந்தால்கூட கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாடு, பன்றி போன்றவற்றின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவதுதான் ஜெலட்டின். எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். எழுதும்போது மனதில் வரவில்லை. 'ஜெலட்டின் 2 டேபிள்ஸ்பூன்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

உடனே ரெசிப்பியில் ஒரு வரி சேர்த்தோம். திருத்தம் என்று தெளிவாகவும் போட்டோம். ஆனால் ஏற்கெனவே சாப்பிட்ட ஒருவருக்கு அந்தத் திருத்தத்தால் என்ன பிரயோஜனம்? மதியம் அவருக்கு போன் செய்தேன்.

"கடையில விக்கிற சாக்கோ பையில பச்சைப் புள்ளி இருக்கேம்மா. அதைத்தானே வீட்ல செய்யறோம்னு நெனச்சேன்" என்றார்.

அவர் நினைத்தது நியாயம்தான். சாக்கோ பை கொரியாவில் ஓரியான் நிறுவனம் 1974-ல் கொண்டுவந்த தின்பண்டம். இங்கே நமக்குப் பழக்கமானது, நம்மூர் பாரிஸ் மிட்டாய் நிறுவனத்தை 2004-ல் வாங்கிய லாட்டேயின் தயாரிப்பு. இந்தியாவில் விற்பதை சைவமாகவே செய்கிறார்கள். அவர் வாங்கிய ஜெலட்டினோ, கேக் சாமான் கடையில் சின்ன கவரில் பிரித்துப் போட்டுக் கொடுத்தது. அதில் பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை.

மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல விடு. இப்ப பிரச்னை என்னன்னா, பேரன் திரும்பக் கேக்கறான்" என்றார். சைவமாகச் செய்வது எப்படி என்று நானே செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜெலட்டினுக்குப் பதில் என்ன என்பதில் குழப்பமே இல்லை. கடல்பாசி. நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ரோஸ் கலரில் கிண்ணத்தில் வருமே, அதேதான். அகர் அகர் என்று பொடியாகவும் கிடைக்கிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதைத் தயாரிக்கிறார்கள். நம்ம ஊர்ப் பொருள் இருக்கும்போது ஜெலட்டினை எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

கஷ்டம் நுரையில்தான். ஜெலட்டின் தானே நுரைக்கும், கடல்பாசி நுரைக்காது. அதற்கு முட்டை வெள்ளைக்கரு வேண்டும், அதுவும் அந்த அம்மாவுக்கு ஆகாது. மாற்று, வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். 'அக்வாஃபாபா' என்கிறார்கள், லத்தீனில் தண்ணீர், அவரை என்ற இரண்டு சொற்களைச் சேர்த்த பெயர். இந்தத் தண்ணீரை வெள்ளைக்கரு மாதிரி அடிக்கலாம் என்று 2014-ல் பிரான்ஸில் ஒரு பாடகர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் இது பிரபலமானது. நாம் இதை ரசத்தில் ஊற்றுகிறோம், இல்லையென்றால் சிங்க்கில்.

முதல் ஞாயிறு, அம்மா வழக்கம்போல உப்பும் ஒரு சிட்டிகை சோடாவும் போட்டுக் கடலையை வேகவைத்துவிட்டார். உப்பு மார்ஷ்மெல்லோ. தம்பி மட்டும் ரசித்தான். அவன் ரசனையை நம்ப முடியாது.

இரண்டாவது ஞாயிறு நுரை அருமையாக வந்தது. ஆனால் கடல்பாசிப் பாகை ஊற்றிவிட்டு, போட்டோ எடுக்க மொபைலைத் தேடிப் போனேன். திரும்பி வருவதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிட்டது. கடல்பாசி 40 டிகிரிக்கு வந்தாலே இறுகத் தொடங்கும். இறுகியது மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். அதனால்தான் சென்னை மே மாதத்தையும் அது தாங்குகிறது. அதே குணம்தான் என் காலையும் வாரியது.

மூன்றாவது ஞாயிறு வந்தது. அந்தக் கணக்கு இது. ஒரு கப் கடலையை ராத்திரி ஊறவைத்து, உப்பு, சோடா இல்லாமல் வேகவைத்து, ஆறிய பிறகு தண்ணீரை வடிகட்டுங்கள். நீர்த்திருந்தால் வெள்ளைக்கரு பதத்துக்குச் சுண்டவிட்டு, ஃபிரிட்ஜில் குளிரவைத்து அரை கப் எடுங்கள். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, எலெக்ட்ரிக் பீட்டரில் பத்து நிமிடம் அடியுங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழக் கூடாது. இன்னொரு பக்கம் முக்கால் கப் தண்ணீரில் 2 டீஸ்பூன் கடல்பாசிப் பொடியை மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, 200 கிராம் சர்க்கரை சேர்த்து, கம்பிப் பதம் தாண்டும்வரை விடுங்கள். பீட்டர் ஓடும்போதே பாகை நூல் மாதிரி ஊற்றுங்கள். வெனிலா அவசியம், கடலை வாசனையை அதுதான் மறைக்கும். மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டு, உடனே மேரி பிஸ்கட்டின் மேல் பிழியுங்கள்.

நாலைந்து மணி நேரம் காயட்டும். பிறகு காம்பவுண்ட் சாக்லேட் 250 கிராமுடன் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி ஊற்றுங்கள். ஆவி ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் சாக்லேட் திரிந்துவிடும். அசல் கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட் இந்த வெயிலுக்கு வேண்டாம். 34 டிகிரிக்குள் உருகிவிடும். அமெரிக்காவில் 1913 முதல் விற்கும் மல்லோமார்ஸ் என்ற இதே வகை பிஸ்கட், சாக்லேட் உருகிவிடும் என்று கோடையில் கடைக்கே வராது. நான் மே மாதம் செய்துகொண்டிருந்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஜெலட்டின் மாதிரி இழுத்தால் நீளாது. கடித்தால் சட்டென்று அறும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜில் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு போட்டோ வந்தது: எவர்சில்வர் தட்டில் ஒன்பது பிஸ்கட், ஒன்று பாதி கடித்தது. போன் செய்தேன்.

"நல்லா வந்துதும்மா. ஆனா உப்பு போடாம வேகவெச்சதுல, தாளிக்கும்போது போட்டும் சுண்டல்ல உப்பே ஏறல. அதையும் எழுது" என்றார்.

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். பாக்கலாம்."