விடைபெறுவோரின் கடமை

சமூகப்பணி பயிலும் மாணவர்களைச் சில மாதங்கள் மக்களிடையே அனுப்பிப் பழக்கும் முறைக்குக் களப்பயிற்சி என்று பெயர். இலங்கையில் சமூகப்பணிக் கல்வி 1952 ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்று தொட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் சிறுவர் இல்லங்களுக்கும் சேரிகளுக்கும் தோட்டங்களுக்கும் எத்தனையோ இளைஞரும் யுவதிகளும் இவ்வாறு சென்று திரும்பியிருக்கின்றனர். அவர்கள் வந்து செய்த பணிகளைப் பற்றி அறிக்கைகள் எழுதப்படுகின்றன, புள்ளிகளும் வழங்கப்படுகின்றன. அவர்கள் திரும்பிப் போகும் விதத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. நாம் இங்கு பேச விரும்புவது அதைப் பற்றியே.

நாம் மலையகத்திலே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு பாடசாலையில் தமிழ் கற்பித்து வருகிறோம். பயிற்சி மாணவர் ஒருவரோ இருவரோ ஆண்டுதோறும் எமது பாடசாலைக்கு வருகின்றனர். வாரத்தில் இரண்டு நாட்கள் வீதம் நான்கு மாதங்கள் வந்து, தாயைப் பிரிந்த பிள்ளைகள், இடைவிலகும் நிலையிலுள்ள பிள்ளைகள், வீட்டிலே குடியும் அடியும் கண்டு மனம் நொந்த பிள்ளைகள் ஆகியோருடன் பேசிப் பழகுகின்றனர். உளவளத்துணை நூல்கள் இப்பிள்ளைகளைத் துணைநாடிகள் என்று அழைக்கின்றன. நான்கு மாதம் முடிந்ததும் பயிற்சியாளர் போய்விடுகிறார். துணைநாடி அங்கேயே இருக்கிறார். ஆசிரியராகிய நாமும் அங்கேயே இருக்கிறோம். ஆகவே பயிற்சியாளர் ஒருபோதும் காணாத ஒன்றை நாம் காண்கிறோம். அவர் போன மறுவாரத்தைக் காண்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி மாணவி வந்திருந்தார். நல்ல மனம் படைத்தவர். ஆறாந் தரச் சிறுமி ஒருத்தி அவரிடம் பெரிதும் ஒட்டிக்கொண்டாள். இறுதி நாளன்று அதிபரின் அறையில் தேநீரும் வடையும் பரிமாறப்பட்டன. அதிபர் பாராட்டிப் பேசினார். எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். மறு செவ்வாய்க்கிழமை, வழக்கமாக இருவரும் அமரும் நூலகப் படிக்கட்டிலே அச்சிறுமி கொப்பியும் கையுமாகக் காத்திருந்தாள். எம்மைக் கண்டதும், “மிஸ் இன்னைக்கு லேட்டா சேர்?” என்று கேட்டாள். பயிற்சி முடிந்துவிட்டது என்பதை அவளுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அழும் பிள்ளையைக் காண மனம் பொறுக்காமல் அம்மாணவி சொல்லாமலே போயிருந்தார். அதைக் கருணை என்றே அவர் எண்ணியிருப்பார். ஆயின் அந்தக் கருணை யாருடைய துன்பத்தைக் குறைத்தது? போகிறவர் ஓர் அழுகையிலிருந்து தப்பிக்கொண்டார். இருப்பவளோ மூன்று வாரங்கள் படிக்கட்டில் காத்திருந்தாள். நாம் எடுத்துச் சொல்லிய பின்னரும் காத்திருந்தாள். அதன் பின்னர் அவள் யாருடனும் அதிகம் பேசவில்லை. பிள்ளை அமைதியாகிவிட்டது என்று பாடசாலையிலே சிலர் மகிழ்ந்தனர்.

அவ்வமைதி எத்தகையது என்பதை அறிஞர் ஆராய்ந்திருக்கின்றனர். தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் தங்க நேர்ந்த சிறு குழந்தைகளை இங்கிலாந்திலே ஜேம்ஸ் ரொபேட்சனும் ஜோன் போல்பியும் 1950 களில் கூர்ந்து கவனித்தனர். பிரிந்த குழந்தை முதலில் எதிர்த்து அழுகிறது. பின்னர் நம்பிக்கை இழந்து சோர்கிறது. கடைசியில் ஒட்டாமல் ஒதுங்கிவிடுகிறது. இந்த மூன்றாம் நிலையைத்தான் பெரியவர்கள், பிள்ளை தேறிவிட்டது எனப் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். உண்மையில் அது, இனி எவரையும் நம்புவதில்லை என்று பிள்ளை எடுத்துக்கொண்ட முடிவாகவும் இருக்கலாம்.

எமது மலையக மக்களுக்கு இம்முடிவு புதியதன்று. சொல்லாமல் பிரிவதும், சம்மதம் கேளாமல் பிரிக்கப்படுவதும் அவர்களுக்கு வரலாறாகவே வந்திருக்கின்றன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி வேறொரு நாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குச் சென்ற கப்பல் 1984 இல் நின்றுபோனது. புகையிரத மேடைகளில் எழுந்த அழுகையை முதியவர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். அதன் பின்னர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகத் தாய்மார் போகத் தொடங்கினர். பிள்ளை உறங்கும் வேளை பார்த்து, விடியுமுன் காம்பராவை விட்டு இறங்கிய தாய்மார் பலர். வறுமை அவர்களை அவ்வாறு போகச் செய்தது. இவ்வாறு விடப்பட்ட பிள்ளையிடம், நான்கு மாதம் அன்பாகப் பேசிவிட்டுச் சொல்லாமல் போகும் பயிற்சியாளர், அப்பிள்ளை முன்னரே கற்ற பாடத்தை மறுபடியும் கற்பிக்கிறார்.

அப்படியானால் குறுகிய காலப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லலாமா? சமூகப்பணியின் முன்னோடிகளுள் ஒருவரான ஜேன் அடம்ஸ், 1889 இல் சிக்காக்கோ நகரில் குடியேறிய தொழிலாளர் மத்தியில் ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தைத் தம் தோழியோடு நிறுவினார். 1935 இல் இறக்கும்வரை அதனையே தமது இல்லமாகக் கொண்டிருந்தார். அந்த மரபில் பணியாளர் ஓர் அயலவர். நமது கனவு அதுவாகவே இருக்கலாம். ஆயினும் கற்கும் மாணவர் எல்லோரும் கற்ற இடத்திலேயே தங்கிவிட முடியாது. எனவே வேறொரு மரபையும் நாம் கவனிக்கவேண்டும். பிலடெல்பியாவில் பணியாற்றிய ஜெசி டாஃப்ட், உளப்பகுப்பாய்வாளர் ஒட்டோ ராங்கின் சிந்தனை வழிநின்று 1933 இல் ஒரு நூல் எழுதினார். காலம் எல்லையுடையது என்பதை மறைக்காது, அந்த எல்லையையே உதவியின் கருவியாகக் கொள்ளவேண்டும் என்பது அவர் கொள்கை. முடிவு முன்கூட்டியே தெரிந்த உறவில், பிரிவை ஏற்கும் வலிமையை ஒருவர் பழகிக்கொள்ள முடியும் என்று அவர் கருதினார்.

இக்கொள்கை நடைமுறையில் எவ்வாறிருக்கும் என்பதைப் பின்னர் வந்த மற்றொரு பயிற்சி மாணவியிடம் கண்டோம். ஏழாந் தரத்துப் பையன் ஒருவன் அவரிடம் ஒப்படைக்கப்பட்டான். தாய் குவைத்தில், தந்தை கொழும்பிலே ஒரு கடையில், வளர்ப்பவர் பாட்டி. வாரத்தில் இரண்டு நாள் பாடசாலைக்கு வந்தாலே பெரிது. அம்மாணவி முதல் நாளன்றே அவனுடைய கொப்பியில் பதினாறு பெட்டிகள் வரைந்தார். “நான் பதினாறு கிழமை வருவேன். ஒரு கிழமை முடிஞ்சா நீ ஒரு பெட்டிக்கு நிறம் தீட்டு” என்றார். ஒவ்வொரு வாரமும் அவன் ஒரு பெட்டிக்கு நிறம் தீட்டினான். எத்தனை மிச்சம் என்பதை இருவரும் எண்ணினர்.

பன்னிரண்டாம் பெட்டியோடு அவன் வருவதை நிறுத்திவிட்டான். முடிவு நெருங்கும்போது துணைநாடிகள் தாமாகவே முந்திக்கொண்டு விலகுவதும், தீர்ந்த பிரச்சினை திரும்பவும் தலைகாட்டுவதும், கோபம் கொள்வதும் வழக்கம் என்று நூல்கள் கூறும். இதைத் தோல்வி என்று கொள்ளாமல் அம்மாணவி லயத்துக்கு இறங்கிப் போனார். நாமும் உடன் சென்றோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பாட்டி, வாசலில் நின்றபடி சொன்னார்: “எத்தனையோ பேரு வந்தாங்க புள்ள. எழுதிக்கிட்டாங்க, போட்டோ புடிச்சாங்க, போயிட்டாங்க. போகப்போறேன்னு சொல்ல வந்தது நீ ஒருத்திதான்.”

மறுவாரம் பையன் வந்தான். “நீங்க போங்க மிஸ். எனக்கு ஒண்ணும் இல்ல” என்றான். அவர் மறுத்துப் பேசவில்லை, சமாதானமும் கூறவில்லை. “கோவமா இருந்தா அதையும் சொல்லு. அதுக்கும் இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு” என்றார். பதினைந்தாம் வாரம் பாடசாலையின் உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியரையும் அழைத்து மூவராக அமர்ந்தனர். இனி யாரிடம், எந்த நாளில், எந்த அறையில் வரவேண்டும் என்பதைப் பையனே கொப்பியில் எழுதினான். பதினாறாம் வாரம், இந்நான்கு மாதங்களில் தான் செய்யப் பழகியவற்றை அவன் வரிசையாக எழுதினான்: தாய்க்குக் குரற்பதிவு அனுப்புவது, பாட்டியோடு கோபித்தால் லயத்தை விட்டு ஓடாதிருப்பது, விளங்காத கணக்கைக் கேட்பது. பாட்டி கொடுத்தனுப்பிய ரொட்டியையும் சம்பலையும் இருவரும் பகிர்ந்து உண்டனர்.

அவன் தொலைபேசி இலக்கம் கேட்டான். அவர் கொடுக்கவில்லை. இதைக் கல்மனம் என்று சிலர் கூறக்கூடும். கொடுத்திருந்தால் முதல் மாதம் அழைப்புக்கு மறுமொழி கிடைத்திருக்கும், பரீட்சை வரும், தொழில் வரும், ஐந்தாம் மாதம் மணி ஒலித்துக்கொண்டேயிருக்கும். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதிருப்பதும் மரியாதையே. அன்று அவர் வகுப்பறையில் அமர்ந்திருக்க, பையன்தான் முதலில் எழுந்து போனான். இம்முறை, விட்டுப் போகும் உரிமை அவனுக்குக் கிடைத்தது.

தமிழ் கற்றோருக்கு இது முற்றிலும் அந்நியமான சிந்தனையன்று. பொருள் தேடப் புறப்படும் தலைவன் இடையில் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்பர். அத்தயக்கம் போகாமை ஆகாது என்றும், பிரிவைத் தாங்குமாறு தலைவியை வற்புறுத்தித் தேற்றுவதற்காக நேர்ந்த தாமதமே என்றும் தொல்காப்பியர் கற்பியலில் விளக்குகிறார். போவது உறுதியாயினும், இருப்பவரை ஆற்றுவிக்கும் காலமொன்று போகிறவரின் பொறுப்பில் இருக்கிறது என்பதை அப்பழைய இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. பாலைத்திணையைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் நாம், அதனை எமது பாடசாலைப் படிக்கட்டிலும் காணவேண்டும்.

ஆயினும் தனிமனிதரின் நல்லொழுக்கத்தோடு இப்பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. அந்தப் பையன் ஒப்படைக்கப்பட்ட ஆசிரியர் கணிதமும் கற்பித்து, விளையாட்டுக்கும் பொறுப்பாயிருந்து, மிஞ்சிய நேரத்திலேயே உளவளத்துணையைக் கவனித்தார். அடுத்த தை மாதம் அவருக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அவருக்குப் பெட்டி வரைய அவகாசமிருக்கவில்லை. அவருடைய இடத்துக்கு ஒன்பது மாதங்கள் எவரும் நியமிக்கப்படவில்லை. இருபத்திரண்டு வயதுப் பயிற்சி மாணவி ஒருவர் தம் கடமையை அறிந்து செய்ததை, ஒரு நிருவாகம் செய்யவில்லை.

பயிற்சியாளரிடம், உறவைச் சரியாக முடித்து மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள் என்று கற்பிக்கிறோம். ஒப்படைக்க யார் இருக்கிறார் என்பதே அடுத்த கேள்வி. பெருந்தோட்டப் பாடசாலைகளில் நிரந்தரமான, வேறு பாடச்சுமையற்ற, அவ்வூர் மொழியும் வாழ்வும் அறிந்த உளவளத்துணையாளர்கள் நியமிக்கப்படாதவரை, களப்பயிற்சி மாணவர்கள் அரசு செய்யவேண்டிய வேலையை நான்கு நான்கு மாதத் துண்டுகளாகச் செய்துகொண்டிருப்பர். அந்தத் துண்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் பிள்ளைகள் வாழவேண்டியிருக்கும். மலிவான உழைப்பிலே நடந்த தோட்டத்தில், சமூகப்பணியும் மலிவான உழைப்பில் நடக்கலாம் என்று எண்ணப்படுகிறதா என்று நாம் கேட்டே ஆகவேண்டும்.

இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்களிடம் நாம் வேண்டுவது இது: களத்துக்குப் போகும் முதல் நாளே நீங்கள் திரும்பிப் போகும் நாளையும் சொல்லுங்கள், இறுதி வாரங்களில் வரும் கோபத்துக்கு அஞ்சாதீர்கள், நினைவுப் படத்துக்கு முன் ஒப்படைப்பை முடியுங்கள், உங்கள் அறிக்கையிலே, யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதையும், ஒப்படைக்க ஆளில்லையெனில் அவ்வுண்மையையும் எழுதுங்கள். ஆசிரிய நண்பர்களிடம் வேண்டுவது: பயிற்சியாளர் போன மறுவாரம் யார் எந்தப் படிக்கட்டில் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், கண்டதை உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். இடமாற்றம், வெற்றிடம், நியமனம் என்னும் சொற்களைச் சம்பளக் கோரிக்கைகளோடு மட்டும் சேர்த்து வைத்திருக்கிறோம். அவை பிள்ளைகளின் கோரிக்கைகளும் ஆகும்.

அந்தப் பையன் இப்பொழுது ஒன்பதாந் தரத்தில் எமது வகுப்பில் இருக்கிறான். வாரத்தில் நான்கு நாட்கள் வருகிறான். ஐந்தாம் நாளுக்கு வேண்டிய ஆளைத் தரவேண்டியது அரசின் பொறுப்பு. அதைக் கேட்டுப் பெறவேண்டியது எமது பொறுப்பு.