அவன்தான் பண்ணியிருப்பான்!

எங்காவது ஒரு கல்யாணமான பெண் சந்தேகமான முறையில் இறந்தாள் என்று செய்தி வந்தால் போதும். மறுநாள் மத்தியானம் ஆபீஸ் கேன்டீனில் தீர்ப்பு தயார். "புருஷன்தான் சார் பண்ணியிருப்பான், வேற யாரு?" சப்பாத்தி ஆறுவதற்குள் தூக்கிலும் போட்டுவிடுவார்கள். பாதி நேரம் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தோன்றுவது வேறு, நிரூபிப்பது வேறு இல்லையா? அந்த வித்தியாசத்தை நாட்டுக்கே சொல்லிக்கொடுத்த வழக்கு ஒன்று, நான் பிழைக்க வந்த இதே புனேயில்தான் நடந்தது.

வக்கீல்கள் சார்தா வழக்கு என்பார்கள். 1982 பிப்ரவரியில் கல்யாணம். ஜூன் 12 விடிவதற்குள் மஞ்சு என்ற அந்தப் பெண் இறந்துபோயிருந்தாள். நாலே மாதம்! உடம்பில் பொட்டாசியம் சயனைடு. கணவர் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். அவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்று போலீஸ் சொன்னது. போதாததற்கு, மஞ்சு தன் அக்கா தங்கை உறவிலும் சிநேகிதிக்கும் எழுதிய கடிதங்கள். எல்லாம் வேதனை.

கேன்டீன் கணக்கில் கேஸ் முடிந்துவிட்டது. புனே செஷன்ஸ் கோர்ட்டும் மரண தண்டனை கொடுத்தது, பம்பாய் ஹைகோர்ட்டும் உறுதி செய்தது. ஆனால் 1984 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்துவிட்டது. மூன்று நீதிபதிகள். அதில் ஒருவர் நம்ம ஊர் ஜோலார்பேட்டைப் பக்கத்து ஏ. வரதராஜன். முக்கியத் தீர்ப்பை எழுதியவர் பசல் அலி.

ஏன் விட்டார்கள்? பார்த்த சாட்சி கிடையாது. சூழ்நிலைகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு கோர்ட் ஐந்து விதிகளை வரிசையாக எழுதியது. இன்றைக்கும் எல்லா கோர்ட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். சுருக்கமாக: ஒவ்வொரு சூழ்நிலையும் முழுசாக நிரூபணமாக வேண்டும், 'இருக்கலாம்' போதாது. எல்லாம் சேர்ந்து 'இவர்தான்' என்று மட்டுமே காட்ட வேண்டும். அசைக்க முடியாதபடி காட்ட வேண்டும். வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக்கூடாது. சங்கிலியில் ஒரு கண்ணியும் விட்டுப்போகக் கூடாது.

விஷம் வைத்த வழக்கென்றால், அந்த விஷம் இவர் கையில் இருந்தது என்றும் காட்ட வேண்டும். கெமிக்கல் படித்தவர் என்பது அதற்குச் சமமாகாது. அது காட்டப்படவில்லை. இன்னொன்று, கணவர் பொய் சொன்னார் என்றே வைத்துக்கொண்டாலும், அறுந்த சங்கிலியை அந்தப் பொய்யால் ஒட்டவைக்க முடியாது என்றார்கள்.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது அந்தக் கடிதங்கள்தான். கொலைக்கு ஆதாரமாகத்தான் அவை வந்தன. படித்த நீதிபதிகளோ, இவ்வளவு மனம் உடைந்த பெண் தானே விஷம் குடித்திருக்கவும் வாய்ப்பு உண்டே என்றார்கள். இரண்டு பக்கமும் சாய்கிற தராசில், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான். அவர் கொன்றார் என்று சொல்ல எனக்கோ உங்களுக்கோ இப்போது உரிமை இல்லை. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் புருஷன்கள் ஈஸியாகத் தப்பிக்கலாமா? இல்லை. நாலு சுவருக்குள் நடந்ததற்கு, உள்ளே இருந்தவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்று 2006-ல் திரிமுக் கிர்கன் வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் முதலில் போலீஸ் தன் பங்கை நிரூபித்திருக்க வேண்டும்.

1982-ல் கணவன் வீட்டுக் கொடுமைக்கென்று தனிப் பிரிவே கிடையாது. 498ஏ வந்தது 1983 கடைசியில். வரதட்சிணை மரணத்துக்கான 304பி வந்தது 1986-ல். இரண்டும் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் வேறு எண்களில் இருக்கின்றன. மனைவியைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய கொடுமையும் இப்போது தனிக் குற்றம். அடி உதைதான் வேண்டும் என்றில்லை.

நம்மை மாதிரி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. பெண்ணை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கட்டிக்கொடுக்கிறோம். பாஷை தெரியாத ஊர், பேச ஆள் இல்லாத ஃப்ளாட். அவள் போனில் சொல்வதுதான் இன்றைய கடிதம். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று அதை மடித்து வைத்துவிடுகிறோம். பிறகு அதையே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால், நெருங்கிய சொந்தம், கூட்டித்தான் சொல்வார்கள் என்பார்கள். சார்தா வழக்கிலும் உறவினர் சாட்சியத்தை அப்படித்தான் தயக்கத்தோடு பார்த்தார்கள்.

கொலையா தற்கொலையா என்று கோர்ட் எடைபோடுகிற நேரத்தில் அந்தப் பெண்ணைக் கேட்க முடியாது. நமக்கு இன்று கேட்க முடியும். குரல் மாறியிருந்தால் ரெண்டாவது தடவை கேளுங்கள். தேவைப்பட்டால் அடுத்த ரயிலைப் பிடித்துப் போய்ப் பாருங்கள். "கிளம்பி வா, ரூம் காலியாத்தான் இருக்கு" என்று தைரியமாகச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 181 என்ற எண்ணையும் சொல்லி வையுங்கள்.

கேன்டீன் தீர்ப்புகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என்ன சொல்றீங்க?