பெட்டரியில பூத்த உப்பு



போன வாரம் ராவு ரெண்டு மணி. உம்மாவுக்கு இழுப்பு கூடி மூச்செடுக்க ஏலாம போச்சு. தூக்கி வேனுக்குள்ள இருத்திட்டு சாவியைத் திருப்பினேன். 'டக்' என்ற சத்தம் மட்டும்தான். லைட் நல்லா எரியுது, ஹோர்ன் அடிக்குது, எஞ்சின் சுத்தவே இல்ல. நம்மட ரோட்டுல அந்த நேரத்துல யானைப் பயம் வேற. பக்கத்து வீட்டு நானா ஓடி வந்து அவர்ர வாகனத்துல ஏத்தி புத்தளம் கொண்டு போனார். அல்ஹம்துலில்லாஹ், உம்மா இப்ப சுகம்.

விடிஞ்சு வந்து பார்த்தா பெட்டரி பழுதில்ல. டெர்மினல்ல வெள்ளையும் நீலமுமா உப்புப் பூத்திருந்தது. அதை நான் ஒரு மாசமா பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். வகுப்புல அமிலம், காரம் படிப்பிக்கிற எனக்கு அதைக் கழுவ நேரமில்ல!

பெட்டரிக்குள்ள இருக்கிறது சல்பூரிக் அமிலம். சார்ஜ் ஏறும்போது அதோட ஆவி கசிஞ்சு ஈயத்தையும் செம்பையும் தின்னுது. வெள்ளை ஈய சல்பேட்டு, நீலம் செப்பு சல்பேட்டு. களப்புப் பக்கத்து உப்புக் காத்து, பெட்டரி இருக்கிற இரும்புத் தட்டையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும்.

அப்போ லைட் எப்படி எரிஞ்சது? அந்தப் பூப்பு 0.02 ஓம் தடை தந்தாலே போதும். ஹெட்லைட்டுக்கு 10 அம்பியர் அளவுதான் வேணும், 0.2 வோல்ட்தான் குறையும். ஸ்டார்ட்டர் 100 அம்பியருக்கு மேல இழுக்கும். அப்ப 12 வோல்ட்டுல 2 வோல்ட் அங்கேயே போயிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

எஞ்சினை நிப்பாட்டி, முதல்ல நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க, பிறகு பொசிட்டிவ். மாறிக் கழட்டினா சாவி பொடியில பட்டு நெருப்புப் பறக்கும். பெட்டரியில இருந்து ஹைட்ரஜன் வரும், அதனால பக்கத்துல சிகரட் வேணாம்.

அப்பச் சோடா ஒரு கரண்டியைத் தண்ணியில கரைச்சு ஊத்தி, பழைய பல் தூரிகையால தேயுங்க. நுரைச்சு அடங்கினா அமிலம் போயிட்டு. பெட்டரி மூடி இறுக்கமா இருக்கணும், சோடா உள்ளுக்குப் போகக் கூடாது. நல்ல தண்ணியால கழுவித் துடைச்சுக் காய விடுங்க. தட்டுல துரு இருந்தா உரசி பெயின்ட் அடிங்க.

பூட்டும்போது முதல்ல பொசிட்டிவ், கடைசியா நெகட்டிவ். இறுக்கின பிறகு மேல வஸ்லின் பூசுங்க. ஈயம் நஞ்சு, கையைக் கழுவாம சாப்பிட வேணாம். கண்ணுக்கும் கவனம்.

தண்ணி ஊத்துற பெட்டரிக்கு காய்ச்சி வடிச்ச தண்ணி மட்டும்தான். நம்ம கிணத்துத் தண்ணி வேணாம். கழுவியும் சீக்கிரமே திரும்பப் பூத்தா, சார்ஜ் கூடுதலா போகுதான்னு பாஸ்கிட்ட காட்டுங்க.

மொத்தம் அரை மணித்தியால வேலை. அந்த ராவு நானா வீட்டுல இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. இன்றைக்கு அஸருக்குப் பிறகு ஒரு தடவை பொனட்டைத் திறந்து பாருங்க. உம்மாவுக்கும் துஆ செய்யுங்க.