மூன்று நடனம், ஒரே பக்கம்

'டான் ஜொவானி' ஆபராவில் முதல் அங்கம் முடிகிற இடத்தில் ஒரு விருந்து. மேடைமேல் மூன்று வாத்தியக் குழுக்கள். பிரபு வீட்டார் மினுயட் ஆட ஒரு குழு, 3/4. ஜொவானி கிராமத்துப் பெண் ஸெர்லீனாவோடு கான்ட்ரடான்ஸ் ஆட இன்னொன்று, 2/4. அவள் கல்யாணம் செய்துகொள்ள இருக்கிற மசெட்டோவை ஜொவானியின் வேலைக்காரன் லெபொரெல்லோ வலுக்கட்டாயமாக ஜெர்மன் நடனத்துக்கு இழுக்கிறான். அதற்கு மூன்றாவது குழு, 3/8. மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. 1787இல் மோட்சார்ட் இதை இறகுப் பேனாவால் எழுதிவிட்டார். அதையே கம்ப்யூட்டரில் ஸ்கோராக எழுத எனக்கு மூன்று இரவு பிடித்தது.

கணக்கு கஷ்டமில்லை. மினுயட்டுக்கும் கான்ட்ரடான்ஸுக்கும் க்ராட்செட்டின் (கால் நோட்டின்) நீளம் ஒன்றுதான். மினுயட்டில் இரண்டு பார் போவதற்குள் கான்ட்ரடான்ஸில் மூன்று பார் போய்விடும்; ஆறு க்ராட்செட் முடிந்ததும் இரண்டுக்கும் கோடு சேர்ந்து விழும். ஜெர்மன் நடனத்தில் ஒரு முழு பாரே ஒரு க்ராட்செட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மிருதங்கம் பழகியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: மூன்றாம் குழு மட்டும் திஸ்ர நடையில் போகிறது, அவ்வளவுதான்.

இசை எழுதும் மென்பொருளுக்கு இது லேசில் ஏறாது. ஸ்கோர் முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். நான் பயன்படுத்துவது லில்லிபாண்ட். பாரை எண்ணுகிற 'டைமிங் டிரான்ஸ்லேட்டர்' அதில் ஸ்கோர் மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கிருந்து கழற்றி, ஸ்டாஃப் மட்டத்தில் மாட்ட வேண்டும். சில வரிகள்தான். மாட்டியதும் 2/4 தன் போக்கில் ஓடத் தொடங்கிவிடும்.

3/8தான் படுத்தும். மூன்று க்வேவர் (அரை க்ராட்செட்) எழுதினால் அது ஒன்றரை க்ராட்செட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த ஸ்டாஃபின் நோட்டுகளை எல்லாம் 'ஸ்கேல் டியூரேஷன்ஸ்' கட்டளையால் 2/3 ஆகச் சுருக்கினேன். கண்ணுக்கு க்வேவர், காலத்தில் டிரிப்லெட். வெளியே 3/8 என்று காட்டிவிட்டு, பாரின் நீளம் 1/4 என்று உள்ளே தனியாகச் சொல்லி வைக்கவும் வேண்டும். டோரிகோ என்ற இன்னொரு மென்பொருளில் டைம் சிக்னேச்சரை எழுதி, ஆல்ட்டை அழுத்தியபடி என்டர் தட்டினால் அந்த ஸ்டாஃபுக்கு மட்டும் விழுந்துவிடும். பொறாமையாகத்தான் இருக்கிறது, ஆனால் கை பழகிவிட்டது.

எல்லாவற்றையும் 3/4இலேயே எழுதி, வேண்டிய இடத்தில் அக்ஸென்ட் போட்டால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எழுதிப் பார்த்தேன். பக்கம் முழுக்க அக்ஸென்ட், வயலின்காரர் முகத்தில் நடனமே இல்லை. பார்க்கோட்டைத் தாண்டியதும் வில்லைக் கீழ்நோக்கி இழுப்பது அவர் கையில் ஊறிய பழக்கம். கோடு தவறான இடத்தில் இருந்தால் எத்தனை அக்ஸென்ட் போட்டாலும் கை கோட்டைத்தான் நம்பும். இரண்டாம், மூன்றாம் குழுக்கள் வாசிக்கத் தொடங்குமுன் சுருதி சேர்ப்பதைக்கூட மோட்சார்ட் நோட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு கவனித்தவர் மூன்று டைம் சிக்னேச்சரைச் சும்மா போட்டிருக்க மாட்டார்.

முதல் பிரிண்ட் எடுத்தபோது வரி மினுயட் பாரின் நடுவில் உடைந்திருந்தது. கான்ட்ரடான்ஸுக்குக் கோடு விழுந்த இடம் அது. அங்கே உடைக்கலாம் என்று நிரல் நினைத்துக்கொண்டது. தப்பு என்னுடையதுதான். மூன்று கோடும் சேரும் இடம் தவிர வேறெங்கும் உடையாதபடி தடுத்தேன்.

பார் எண் பிரச்சினை ஒத்திகையில்தான் தெரிந்தது. "பதினெட்டாவது பாரிலிருந்து" என்று நடத்துநர் சொன்னதும் மூன்று குழுவும் மூன்று இடத்தில் ஆரம்பித்தன. அன்றிரவே வாசிப்பவர்களின் தாள்களில் எண்களை எடுத்துவிட்டு, மூன்று கோடுகளும் சேரும் இடங்களில் மட்டும் ஏ, பி, சி என்று பெட்டி போட்டேன். இந்தக் காட்சியை எழுத உட்காருகிறவர்கள் அந்தப் பெட்டிகளை முதல் நாளே போட்டுவிடுங்கள்.