கம்பளம் விரித்த வகுப்பு

செப்டம்பர் 8
புதன்கிழமை என் நாலாம் வகுப்புக்கு ஒரு புதுப் பிள்ளை வருகிறாள். வடக்கு ஆப்கானிஸ்தானில் பிறந்தவள். கனடா விசாவுக்காகக் குடும்பத்தோடு இஸ்லாமாபாத்தில் காத்திருந்தவள். பிறந்த திகதி ஜனவரி 1 என்று தாளில் இருக்கிறது. ஆப்கான் அகதிகளின் பத்திரங்களில் இந்தத் திகதியை அடிக்கடி பார்க்கலாம். சரியான நாள் பதிவில் இல்லாதபோது அதிகாரிகள் போட்டுவிடுவது. வகுப்புச் சுவரில் பிறந்தநாள் அட்டவணை தொங்குகிறது. எந்த நாளை எழுதுவது என்று தாயிடம் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 10
தாய், தகப்பன், பதினைந்து வயது அக்கா எல்லாரும் வந்தார்கள். அக்காவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதால் அலுவலகமே அவள் வாயைப் பார்த்தது. தாரி மொழி பேசும் குடியமர்வுப் பணியாளர் வரும்வரை நான் பேச்சைத் தொடங்கவில்லை. வீட்டின் கவலைகளைப் பிள்ளை வாயால் சொல்ல வைத்தால், பெற்றோர் பெற்றோராக நிற்க முடியாது. அதோடு அந்தப் பிள்ளைக்கே இப்போது ஒரு பள்ளி வேண்டும். தலிபான் 2021இல் திரும்பி வந்ததிலிருந்து அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பில்லை. பக்கத்து உயர்பள்ளியில் அவளுக்கும் பதிவுக்கு நாள் வாங்கினோம்.

பிறகு தாயிடம், வீட்டில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். கம்பளம் நெய்தாராம். சின்னவளின் பிறந்தநாள் வசந்தத்தில், நவ்ரூஸ் புத்தாண்டை ஒட்டி என்றார். அட்டவணையில் மார்ச்சில் எழுதினேன்.

செப்டம்பர் 24
பிள்ளை இன்னும் வாய் திறக்கவில்லை. புது மொழிக்குள் வரும் பிள்ளைகளுக்கு இந்த மௌனம் வழக்கம்தான், கேட்டுக்கொண்டிருக்கிறாள். எழுதுவதைத் தாரியில் எழுதச் சொன்னேன். வலமிருந்து இடமாக ஓடிய எழுத்து, எண் வந்ததும் இடமிருந்து வலமாகத் திரும்பியது. பக்கத்து மேசைப் பையன் வாய் பிளந்து பார்த்தான்.

அக்டோபர் 22
பாடம் சமச்சீர். புத்தகத்தில் வண்ணத்துப்பூச்சிப் படம். அதை விட்டுவிட்டுத் தாயை அழைத்திருந்தேன். சுருட்டிக் கொண்டுவந்த சின்னக் கம்பளத்தை நடுவில் விரித்தார். துருக்மென் நெசவின் எண்கோணப் பூ. நாலு பங்காகப் பிரிந்து, எதிரெதிர் மூலைகளுக்கு ஒரே நிறம். நடுவில் மடித்தால் வடிவம் பொருந்துகிறது, நிறம் பொருந்தவில்லை. இது சமச்சீரா இல்லையா என்று வகுப்பு இரண்டு கட்சியானது. புதுப் பிள்ளை எழுந்து வந்து கம்பளத்தை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள். பூ, நிறத்தோடு அப்படியே இருந்தது. அன்றைய பாடத்தில் இல்லாத சுழற்சிச் சமச்சீரை வகுப்பு அவளிடம் கற்றுக்கொண்டது.

ஒருநாள் உடையும் உணவும் வைத்துக் கொண்டாடிவிட்டு மறுநாள் பழைய பாடத்துக்குத் திரும்பும் விழாக்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அரிசோனாவில் ஆய்வாளர் லூயிஸ் மோல் குழுவினர் ஆசிரியர்களோடு மெக்சிக்கக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், அங்கே இருந்த அறிவைத் திரட்டிப் பாடமாக்கினார்கள். 1992இல் வந்தது அந்த ஆய்வு. வீட்டின் அறிவு பாடத்துக்குள் வரும்போதுதான் வகுப்பு அந்தக் குடும்பத்துக்கும் சொந்தமாகிறது.

நவம்பர் 20
தகப்பனுக்குக் களஞ்சியத்தில் இரவு வேலை. அதனால் பெற்றோர் சந்திப்பைக் காலை மணியடிக்கும் முன்னே வைத்தேன். தாய் கேட்டார்: “உண்மையாகவே நன்றாகப் படிக்கிறாளா, பாவம் பார்த்துச் சொல்கிறீர்களா?” கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டினேன். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே கணக்குகள். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் தலையசைத்தார்.

விளையாட்டுத் திடலில் இப்போதே ஊஞ்சலுக்கு ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கிறாள். இங்கேதான் கவனம் வேண்டும். பேச்சு ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிடும், பாட ஆங்கிலத்தில் சக மாணவரை எட்டக் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது ஆகும் என்று ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கமின்ஸ் பல காலமாகச் சொல்லி வருகிறார். அடுத்த வருட ஆசிரியருக்கு இன்றே குறிப்பு எழுதிவைத்தேன்: சரளமான பேச்சைக் கேட்டு உதவியை நிறுத்த வேண்டாம். தாரியில் எழுத விடுங்கள். கடினமான கணக்குகளையே கொடுங்கள், தாய் சரிபார்ப்பார்.