டப்பாவுக்குள் போகும் தண்ணீர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீடுகளுக்கு வயர்லெஸ் சென்சார் மாட்டிக்கொடுப்பது என் தொழில். ஹாலில் மாட்டுவது யாருக்கும் வரும். கேட்டிலும் மொட்டை மாடியிலும் மாட்டி, அதை ஓரிரு வருஷம் உயிரோடு வைத்திருப்பதில்தான் வித்தை இருக்கிறது. “மழையில நனைஞ்சா என்ன சார் ஆகும்?” என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். வெயிலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. நான் கழற்றிப் பார்த்த செத்த சென்சார்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது வெயில்தான். மழை கொள்ளி வைக்க மட்டும் வந்தது.

மே மாத மாடியில் கறுப்பு டப்பாவைக் கையால் தொட முடியாது. உள்ளே காற்று சூடேறி விரிந்து, மூடி ஓரத்திலும் ஒயர் நுழையும் இடத்திலும் கசிந்து வெளியேறும். சாயங்காலம் திடீரென்று ஒரு மழை அடிக்கும். டப்பா சட்டென்று குளிர, உள்ளே அழுத்தம் குறைந்து, மூடி விளிம்பில் நிற்கும் தண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அட்டையில் ஐ.பி.67 என்று போட்டிருக்கிறதே என்பார்கள். புது டப்பா ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கியது என்பதுதான் அதற்கு அர்த்தம். ரெண்டு கோடை காய்ந்து விறைத்த ரப்பரை யாரும் சோதிப்பதில்லை.

சிலிகான் பசையை அப்பி மூடுகிறவர்கள், உள்ளே போன ஈரம் வெளியேறும் வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். நான் டப்பாவின் அடியில் சின்னதாக ஒரு துளை போட்டு, எறும்பு ஏறாதபடி வலை ஒட்டுவேன். ஒயரைக் கீழிருந்துதான் நுழைப்பேன், அதுவும் ஒரு வளைவு தொங்கவிட்டு. ஒயரோடு ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும்.

வடக்குச் சுவரில் எப்போதும் நிழல் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள். அது அவர்கள் ஊருக்குப் பெரும்பாலும் சரி. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நமக்கு உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். வடக்குச் சுவரானாலும் டப்பாவுக்கு மேல் ஒரு தகடாவது கூரையாக வேண்டும்.

அசைவைப் பிடிக்கும் பி.ஐ.ஆர். சென்சார் கதை இன்னும் வேடிக்கை. உடல் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைத்தான் அது பார்க்கிறது. நம் தோலின் சூடு 33, 34 டிகிரி. நாளெல்லாம் காய்ந்த காம்பவுண்டுச் சுவர் ஆறிக்கொண்டே வந்து, இரவில் ஏதோ ஒரு நேரத்தில் அதே சூட்டில் நிற்கும். அப்போது கேட்டைத் திறந்து வருகிறவர் சென்சாருக்குத் தெரியவே மாட்டார். அதே சென்சார் மார்கழி விடியலில் பூனைக்கெல்லாம் கத்தும். கேட்டுக்கு நான் காந்த சென்சாரைத்தான் நம்புகிறேன். இரும்பில் நேராக ஒட்டினால் காந்தத்தின் சக்தியை இரும்பே தின்றுவிடும். இடையில் கனமான பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைக்க வேண்டும்.

சிக்னல் பாடு தனி. கீழ்த்தள ரூட்டரின் வைஃபை ரெண்டு கான்கிரீட் தளம் தாண்டி, தண்ணீர் நிறைந்த டேங்கையும் சுற்றிப் போவதற்குள் தேய்ந்துவிடும். டேங்க் லெவலைப் பார்க்க லோரா என்ற நெடுந்தூர ரேடியோ நல்லது. இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் தேவையில்லை. 915 என்று போட்ட மாடலைத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். எதை மாட்டினாலும் மோட்டாரை நிறுத்த ஒயரோடு ஒரு மிதவை சுவிட்ச் இருக்கட்டும்.

பேட்டரிக்கும் வெயில் எதிரிதான். லித்தியம் அயான் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சோலார் பேனல் வெயிலில் இருக்கட்டும், பேட்டரி நிழலுக்கு வரட்டும்.

ஐப்பசி மழை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அக்னி நட்சத்திரம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி மூடிகளைத் திறந்து பாருங்கள். ரப்பர் விறைத்திருந்தால் மாற்றுங்கள், அடித்துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தால் குத்திவிடுங்கள்.